சில்லும் அடம்பன் கொடியும்

மோட்டார் சைக்கிள் என்பது யாழ்ப்பாணத்துக் குடும்பங்களைப் பொறுத்தவரை ஒரு வேலைக்காரனேயன்றி விளையாட்டுத் தோழன் அன்று. விடியலிற் சந்தைக்கு மரக்கறி கொண்டுசெல்வதும், பிள்ளையை ரியூசனில் இறக்கிவிடுவதும், காய்ச்சற்காரரை ஆசுபத்திரிக்கு ஏற்றிச் செல்வதுமே அதன் கடமைகள். போகவேண்டிய இடம் ஒன்றின்றி அதனை முடுக்கித் திரிபவன் ‘காவாலி’ என்று பெயரெடுப்பான். ஆதலால், இரண்டு குடும்பங்கள் ஒரு வார இறுதியில் மூன்று மோட்டார் சைக்கிள்களையும் ஒரு வானையும் எடுத்துக்கொண்டு, ஓடுவதற்காகவே ஓடுவதென்று மணற்காட்டுக்குப் புறப்பட்ட செய்தி அயலவரால் இலகுவில் நம்பப்படவில்லை. “காணி பாக்கப் போகினமோ?” என்றே முதலில் விசாரித்தனர்.

அக்குடும்பங்களுள் ஒன்று யாழ்ப்பாண நகரை அடுத்து வாழ்வது. தகப்பனார் பாடசாலை ஒன்றில் எழுதுவினைஞர், தாயார் தமிழாசிரியை, மகனுக்கு இருபத்துநான்கு வயது, மகள் உயர்தரப் பரீட்சையிற் சித்தியெய்திப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருப்பவள். மற்றையது 2025 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த குடும்பம். அதன் தலைவரும் எழுதுவினைஞரும் ஒரே வாங்கிலிருந்து படித்தவர்கள். ‘டேர்ட் பைக்’ எனப்படும் மண்தட மோட்டார் சைக்கிள்களை வாகனத்தின் பின்னே ஏற்றிச் சென்று, காட்டோரத்தில் கூடாரமடித்து, தாய் தகப்பன் பிள்ளைகள் யாவருமாக இரண்டு நாட்கள் ஓடித் திரிவது வட அமெரிக்காவிற் பல குடும்பங்களின் கோடைகால வழக்கமாகும். ரொறன்ரோவுக்குக் கிழக்கேயுள்ள கனரஸ்கா வனத்தில் அனுமதிச்சீட்டுப் பெற்று அவ்வாறு ஓடிப் பழகியவன் நண்பரின் மகன். ஊருக்கு வந்த மூன்றாம் நாளே, “மாமா, இங்கை அப்பிடி ஒரு இடம் இல்லையா?” என்று தட்டுத்தடுமாறிய தமிழில் அவன் கேட்ட கேள்வியிலிருந்தே இப்பயணம் பிறந்தது.

கொண்டுசெல்லப்பட்ட வண்டிகளுள் ஒன்று எழுதுவினைஞரின் ஹொண்டா எம்.டி. 90. ஜப்பானிய அஞ்சற் சேவைக்கென ஆக்கப்பட்டு, அங்கு உழைத்துக் களைத்தபின் இலங்கையை வந்தடைந்த இச்சிவப்பு வண்டியை அறியாத யாழ்ப்பாணத்தவர் இலர். கையாற் பிடிக்கும் கிளச் இதற்கில்லை. கடிதக் கட்டுகளுக்கென அமைந்த அகன்ற கரியர் மாத்திரம் உண்டு. அக்கரியரில் நெல்மூட்டை, ஆடு, கதவுநிலை, நோயாளி என ஏறாதது ஒன்றில்லை. 1990 ஆம் ஆண்டு ஜூன் மாதத்திற் போர் மீண்டும் மூண்டதன் பின்னர் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டபோது, இவ்வண்டி மண்ணெண்ணெய் குடிக்கப் பழக்கப்பட்டது. குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாவதில்லை. எனவே சிறு போத்தலொன்றிலே பொன்போற் காக்கப்பட்ட பெற்றோலிற் சில துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டு உதைத்து, இயந்திரம் உயிர்பெற்றுச் சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். வழியில் நின்றுவிட்டால் மீண்டும் சில துளிகள் போயின. அக்காலத்தில் வண்டியோட்டம் என்பது துளிக்கணக்கு. எங்கே நிற்கலாம், எங்கே நிற்கலாகாது என்பதை முன்னரே எண்ணிக்கொண்டுதான் எவரும் வீட்டுப்படலையைத் தாண்டினர். இன்பத்துக்காக ஓடுவது என்ற பேச்சுக்கு அங்கு இடமேது?

1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் ஒருசேர வெளியேறிய இரவில், எழுதுவினைஞர் தமது தாயாரையும் இரண்டு உரப்பைகளையும் இந்த எம்.டி. 90 இன் மேலேயே ஏற்றினார். செம்மணி வெளியினூடாக நாவற்குழிப் பாலத்தை நோக்கி மழையில் நகர்ந்த சனத்திரளில் இயந்திரத்தை இயக்க வழியில்லை. அடிக்கு அடி நிற்கவேண்டியிருந்தது. போத்தலிற் பெற்றோல் தீர்ந்ததும் வண்டி வெறும் தள்ளுவண்டியாயிற்று. முன்னே கைபிடியைப் பிடித்தவர் அவர். பின்னே கரியரிற் கைவைத்து விடியும்வரை தள்ளியவர் இன்று ரொறன்ரோவிலிருந்து வந்திருக்கும் நண்பர். தென்மராட்சியை அடைந்து, கொடிகாமம் வழியாக வடமராட்சிக்குச் சென்று, பாடசாலைக் கட்டடமொன்றில் மாதக்கணக்கில் தங்கினர். 1996 இல் ஒருவர் வலிகாமத்துக்குத் திரும்பினார். அடுத்த ஆண்டில் மற்றவர் நாட்டைவிட்டு நீங்கினார். இக்கதை இரண்டு வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆயினும், பாட்டியார் இருக்கையிற் செபமாலை உருட்டுவதுபோல உருத்திராக்க மாலையை உருட்டிக்கொண்டே வந்தார் என்பது போன்ற சில்லறைச் செய்திகள் இப்பயணத்தின்போதுதான் வெளிவந்தன.

மகனுடைய வண்டி வேறு உலகத்தைச் சேர்ந்தது. அது ஹொண்டா எக்ஸ்.ஆர். 250, ஆண்டுக்கணக்கில் அவனிலும் மூத்தது. 2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதன் பின்னர் பழைய ட்றெயில் வண்டிகளும் விலையுயர்ந்தன. இரண்டு வருடச் சம்பளத்தை மிச்சம்பிடித்து 2022 இன் தொடக்கத்தில் அவன் அதனை வாங்கினான். வாங்கிய சில மாதங்களில் நாட்டிலே எரிபொருள் இல்லாமற் போயிற்று. கியூ.ஆர். அட்டையைக் காட்டி வாரத்துக்கு நான்கு லீற்றர் பெறும் முறை வந்தபோது, வரிசையில் நின்ற மகனுக்குப் பிளேன்ரீ கொண்டுசென்று கொடுத்த தகப்பனார், “நாலு லீற்றரோ? அந்த நாளையிலை நான் அதிலை நாலு மாசம் ஓடியிருப்பன்” என்று சொன்னாராம். மகன் சிரிக்கவில்லை. மூன்றாவது வண்டி அயலிலே இரவல் வாங்கிய யமகா ரி.டபிள்யூ. 200. அதன் அகன்ற ரயர்கள் மணலுக்கு உகந்தவை என்று கனடாப் பிள்ளை அதனையே தெரிந்துகொண்டான்.

ஆயத்தங்களின்போது ஒரு சிறு சொற்போரும் நிகழ்ந்தது. கனடாவிலிருந்து வந்த அம்மையார் ‘காம்பிங்’ என்று சொல்லிக்கொண்டிருந்ததை எவரோ தமிழாக்கி ‘முகாம்’ என்றனர். தமிழாசிரியைக்கு அச்சொல் பிடிக்கவில்லை. இராணுவ முகாம், அகதி முகாம், நலன்புரி முகாம், 2009 இன் பின்னரான மெனிக் பாம் முகாம் என்று முப்பது வருடங்களாக அச்சொல் சுமந்த பாரத்தை இரண்டு நாள் மகிழ்ச்சியின் தலையில் ஏற்ற அவர் உடன்படவில்லை. ‘தறப்பாள்’ என்னும் சொல்லும் அவ்வாறே. வானிலிருந்து இறக்கப்பட்ட வெளிநாட்டுக் கூடாரம் நிறத்தாலும் மணத்தாலும் தறப்பாளை நினைவூட்டியமையால், முதலிரவு அதற்குள் உறங்க அவரால் இயலவில்லை. வானின் இருக்கையிலே சாய்ந்திருந்தார். மொழியியலாளர் சொற்பொருள் மாற்றம் என்று வகுப்பிற் படிப்பிப்பதை இவ்வாறு ஒரு பெண்ணின் உறக்கத்திலும் கண்டுகொள்ளலாம். ஈற்றில், ‘மணலிற் படுக்கப் போகிறோம்’ என்ற தொடரே யாவராலும் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

வல்லை வெளி, நெல்லியடி, துன்னாலை, வல்லிபுரம் என்று பாதை சென்றது. 1936 இற் பொற்சாசனம் கண்டெடுக்கப்பட்ட வல்லிபுரத்தைத் தாண்டியதும் பனைகள் அருகி, வெண்மணல் மேடுகள் தலைகாட்டும். புரட்டாதி மாதத்திற் கடற்றீர்த்தத்துக்கு ஆழ்வார் எழுந்தருளுவதும் இம்மணலூடாகவே. அதற்கப்பால் மணற்காட்டுக் கிராமம், ஒருபுறம் சவுக்கங்காடு, ஒருபுறம் மணலுட் பாதி புதைந்த பழைய அந்தோனியார் கோயிலின் சிதைவுச் சுவர்கள். சவுக்கு மரங்களின் ஓரத்திலே இரண்டிரவு தங்குவதற்குக் கடற்றொழிலாளர் சங்கத்தாரிடம் அனுமதி கேட்டனர், கிடைத்தது.

சனிக்கிழமை பிற்பகலில் ஓட்டம் தொடங்கியது. மணலில் ஓடுவது தெருவில் ஓடுவதன் எதிர்மறை எனலாம். தெருவில் அச்சம் வந்தால் வேகத்தைக் குறைப்போம். மணலில் வேகத்தைக் குறைத்தால் முன்சில்லு புதைந்து ஓட்டுபவன் தூக்கி வீசப்படுவான். முதலில் ரயரின் காற்றை 22 இறாத்தலிலிருந்து 14 இறாத்தல்வரை இறக்கவேண்டும். அப்போதுதான் ரயர் தட்டையாகி மணலின்மேல் மிதக்கும். இருக்கையில் அமரலாகாது. மிதிகட்டையில் எழுந்துநின்று, உடற்பாரத்தைப் பின்னே சாய்த்து, கைபிடியை இறுகப் பிடியாமல், எரிபொருளைக் குறைக்காமற் செல்லவேண்டும். சில்லு தன் போக்கில் நெளியும். அதனை நேராக்க முயல்பவனே விழுவான். கனடாப் பிள்ளை இவற்றையெல்லாம் கைகளாற் காட்டி விளக்க, எழுதுவினைஞரின் மகன் மூன்றுமுறை விழுந்து நான்காம் முறை எழுந்து நின்றவாறே பெரிய மேட்டின் உச்சியைத் தொட்டான். அவ்வேளையில் அவன் முகத்திலே தோன்றிய களிப்பைப் பெற்றோர் பலகாலம் கண்டிலர். 2022 இன் வரிசைகளும், கைக்கெட்டாத வெளிநாட்டு விசாவும், அற்பச் சம்பளமும் அம்மேட்டின் கீழே எங்கோ கிடந்தன.

அவன் நான்காம் தடவை ஏறியபோது மேட்டின் மறுபக்கத்திலிருந்து முதியவரொருவர் நடந்து வந்தார். கரைவலைச் சம்மாட்டியாராக இருந்து ஓய்ந்தவர். குரலை உயர்த்தாமல், “தம்பியவை, படுக்கிறதுக்குத்தானே கேட்டனியள்? மேட்டை உழுறதுக்கு ஆர் சொன்னது?” என்றார். மகனுக்கு முகம் சிவந்தது. விருந்தாளியின் முன்னிலையிற் கேட்கப்பட்டமையே அவனைக் கூடுதலாகச் சுட்டிருக்கவேண்டும். முதியவர் குனிந்து, சில்லு சென்ற தடத்திலே அறுந்து கிடந்த கொடியொன்றைத் தூக்கிக் காட்டினார். ஊதாப் பூவும் ஆட்டுக்குளம்பு போன்ற இலையுமுடைய அடம்பன் கொடி. திரண்டால் மிடுக்கு என்று அரசியல் மேடைகளிலே கேட்டுக் கேட்டுப் பழகிய இக்கொடியை, நகரத்து இளைஞர் பலரைப் போலவே, அவனும் அன்றுதான் கையில் வாங்கிப் பார்த்தான்.

அக்கொடியின் தொழில் யாதெனில், நிலத்தோடு படர்ந்து கணுவுக்குக் கணு வேர்விட்டு, காற்றோடு வரும் மணலை மறித்து நிறுத்துதல். அதனோடு இராவணன் மீசை என்னும் முட்புல்லும் சேர்ந்தே மேட்டைக் கட்டிப் பிடிக்கின்றது. கொடி அறுந்த இடத்திற் சோளகக் காற்று வாய்வைக்கும். ஒரு முழ அகலமான தடம் சில மாதங்களிற் பெரும் பள்ளமாகும். 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை வடமராட்சிக் கிழக்குக் கரையையும் அழித்துச் சென்றது. அன்று தெற்கே யால கடற்கரையில் மேடுகள் உயர்ந்து நின்ற இடங்களில் நீர் தடைப்பட்டதையும், மேடு தாழ்ந்த இடங்களூடாக அது உட்புகுந்ததையும் பின்னர் சென்று பார்த்தவர்கள் எழுதியுள்ளனர். முதியவருக்கு அவ்வெழுத்துகள் வேண்டியதில்லை. “அண்டைக்கு உந்த மேட்டிலை ஏறினபடியாத்தான் என்ரை ரண்டு பிள்ளையளும் மிஞ்சினதுகள்” என்று மாத்திரம் சொன்னார். மிஞ்சாதவர்களைப் பற்றி அவர் சொல்லவில்லை, எவரும் கேட்கவுமில்லை.

இரவிலே நெருப்பைச் சுற்றி அமர்ந்தபோது மகன் தன் வழக்கை எடுத்துரைத்தான். இக்கரையோரத்தில் இரவிரவாக லொறிகளில் மணல் அள்ளப்படுகின்றது. 1981 ஆம் ஆண்டிலிருந்தே கரையோரப் பாதுகாப்புச் சட்டம் உண்டு. அள்ளுபவர்களை மறிக்க எவர்க்கும் துணிவில்லை. ஒரு மோட்டார் சைக்கிள் ஓடியதும் அறம் விழித்துக்கொள்கின்றது. “லொறியைக் கேக்கேலாதவை என்னைக் கேக்கினம்” என்றான். இவ்வாதத்தை எளிதாகத் தள்ளிவிட இயலாது. இந்நாட்டில் விதி என்பது பெரும்பாலும் அதற்குப் பணியக்கூடியவர்களின்மேலேதான் விழுகின்றது. கனடாப் பிள்ளையோ இதில் வாதிடுவதற்கு என்ன உண்டு என்று விளங்காதவனாய் இருந்தான். கனரஸ்காவிற் குறித்த தடத்தைவிட்டு விலகலாகாது என்பது அவனுக்குச் சிறுவயது முதலே விதி. தடத்தில் ஓடுவதையே அவன் சுதந்திரம் என்று அறிந்திருந்தான். ஆனால் அங்கே தடத்தைக் குறித்து வைத்தவர்கள் இருக்கிறார்கள். இங்கே குறிப்பவர் யார் என்று மகன் திருப்பிக் கேட்டபோது அவனிடம் விடையில்லை.

தமிழாசிரியை இடையிட்டு வேறொன்று சொன்னார். நெய்தற் பாடல்களிலே தலைவனின் தேராழி அடும்பின் கொடியை அறுத்துக்கொண்டு வருவது அடிக்கடி காணப்படும் காட்சி. அந்த அடும்புதான் இந்த அடம்பன். காதலின் விரைவைப் புலப்படுத்தும் உத்தி என்றே தாம் வகுப்பில் விளக்கிவந்ததாகவும், கொடியின் பக்கத்திலிருந்து அதனைப் பார்க்க ஒருநாளும் தோன்றியதில்லை என்றும் அவர் கூறினார். அகநானூற்றின் நான்காம் பாடலிலோ, பூக்களிலே துணையோடிருக்கும் வண்டுகள் வெருளாதிருக்கத் தேர்மணியின் நாவைக் கட்டிக்கொண்டு வருகின்ற தலைவன் ஒருவன் இருக்கின்றான். “அவனும் தேரிலைதான் வந்தவன், வராமல் விடேல்லை” என்றார். மகன் விடை கூறாமல் நெருப்பிற் சவுக்கஞ் சுள்ளியொன்றை இட்டான்.

ஞாயிறு காலை முதியவர் தாமாகவே வந்தார். ஓலைப்பெட்டியில் நண்டும் இறாலும் சிறு மீன்களும். காசு கொடுக்க முனைந்தபோது வாங்கவில்லை. படகுகளை இழுக்கும் உழவு இயந்திரம் போய்வரும் தடத்தையும், அலை நனைத்து இறுக்கிய கரைமணலையும் காட்டி, வலை இழுத்து முடியும்வரை பொறுத்திருந்து அங்கே ஓடும்படி சொன்னார். பொறுத்திருந்த இரண்டு மணித்தியாலத்தில் இளைஞர் இருவரும் கரைவலையின் கயிற்றிற் கைகொடுத்தனர். கனடாப் பிள்ளையின் உள்ளங்கைகள் கொப்பளித்தன. மகனுக்குச் சம்மாட்டியாருடன் முகங்கொடுத்துப் பேசும் அளவுக்கு இன்னும் மனம் ஆறவில்லை. கயிற்றை மட்டும் இழுத்தான்.

பின்னர் ஓடினர். ஈரமணல் மேட்டைப்போல எழுச்சி தருவதன்று. ஆனால் நீண்டு கிடந்தது. மகள் எம்.டி. 90 ஐக் கேட்டாள். சாரதி அனுமதிப்பத்திரம் பெற்றிருந்தும் ஸ்கூட்டியைத் தவிர வேறெதனையும் தொட அவளுக்கு வீட்டில் அனுமதியிருக்கவில்லை. பெண்பிள்ளை காலைத் தூக்கிப்போட்டு ஏறுவதை ஊர் என்ன சொல்லும் என்பதே இதுவரை சொல்லப்பட்ட காரணம். கடற்கரையில் ஊர் இல்லை. அரை மணித்தியாலத்தில் அவள் அண்ணனிலும் நேராக ஓடினாள். கிளச் இல்லாத வண்டியாதலால் இலகு என்று அண்ணன் சொன்னதைப் பொருட்படுத்தாமல் எக்ஸ்.ஆர். இன் திறப்புக்கும் கைநீட்டினாள், அது கொடுக்கப்படவில்லை.

கூழ் கொதித்துக்கொண்டிருந்தது. ஒடியல் மாவைக் கரைத்துவிட்டு, புளிப்பும் உறைப்பும் பார்த்துக்கொண்டிருந்த அம்மையார் இருவரும் நிமிர்ந்தபோது, எழுதுவினைஞர் எம்.டி. 90 இல் ஏறிக் கரையோரமாக வடக்கு நோக்கிப் போவதைக் கண்டனர். கரியரில் ஒன்றுமில்லை, பின்னே எவருமில்லை. “எங்கை போறார்?” என்று கனடா அம்மையார் கேட்டார். தமிழாசிரியை சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்று, “ஒரு இடமுமில்லை” என்றார். முப்பத்தைந்து வருடங்களில் அவ்வண்டி அவ்வாறு ஓடியது அதுவே முதல் தடவை. படகொன்றைச் சுற்றித் திரும்பி வந்தவர் நிறுத்தவில்லை; மறுபடியும் போனார். மூன்றாம் முறை நண்பர் ஓடிச்சென்று, ஓடும் வண்டியின் கரியரிற் கைவைத்துச் சிறிது தூரம் தள்ளிக்கொண்டு போனார். இயந்திரம் இயங்கிக்கொண்டிருந்தபடியாற் தள்ளவேண்டிய தேவை எதுவும் இருக்கவில்லை. இருவரும் சிரித்தனர். நண்பர் பின்னர் கடலைப் பார்த்தபடி நெடுநேரம் நின்றார்.

கூழைப் பனையோலைப் பிளாவிலே குடித்து, நெருப்பை மணலால் மூடி, கூடாரங்களைச் சுருட்டினர். மகன் புறப்படுமுன் தனியே மேட்டடிக்குப் போய் வந்தான். அறுந்த கொடியின் நுனிகளை ஈரமணலில் ஊன்றிவிட்டு வந்ததாகத் தங்கையிடம் சொன்னான். பிடிக்குமோ தெரியாது, கணுவிருந்தாற் பிடிக்கும் என்று சம்மாட்டியார் சொன்னாராம். எப்போது அவரிடம் பேசினான் என்று அவள் கேட்கவில்லை.

திரும்பும் வழியில் எம்.டி. 90 ஐ மகளே ஓட்டினாள். வல்லை வெளியில் சோளகம் நேர்முகமாக அறைந்தது. அவள் கியரைக் குறைத்துக் குனிந்துகொண்டாள். பின்னாலிருந்த தகப்பனார் கரியரை ஒரு கையாற் பிடித்திருந்தார். மற்றக் கையில், உடைந்துபோகாமல் துணியிற் சுற்றிய கூழ்ப்பானை.